குளோசபைன் மாத்திரை: தொடங்கும் முன்பும் தொடங்கிய பிறகும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை குளோசபைன். "அது ரத்தத்தைக் கெடுத்துவிடும்" என்ற பேச்சோடுதான் அது பல வீடுகளுக்குள் வருகிறது. பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் வரும் ஆபத்தைப் பரிசோதனை செய்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வரும் மலச்சிக்கலை அப்படி யாரும் கணக்கெடுப்பதில்லை. முற்றிவிட்டால் அதுவும் உயிரை வாங்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நோயாளி நாலு நாளாக மலம் கழிக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் நடக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் ரத்தத்துக்குச் சமமாக வயிற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் டோஸ் அளவுகள், டாக்டர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று புரிந்துகொள்வதற்கு மட்டும். கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது

1950களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் வாண்டர் நிறுவனத்தில் உருவான மருந்து இது. அப்போதிருந்த மனநோய் மருந்துகள் கை நடுக்கம், உடல் இறுக்கம், தாடை கோணுதல் போன்ற தொல்லைகளைக் கொண்டுவந்தன. குளோசபைனில் அவை மிகவும் குறைவு. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து, 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் விற்பனை நின்றது.

திரும்பி வந்ததற்குக் காரணம் 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. வேறு மருந்துகள் எதற்கும் அசையாத 268 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்குக் குளோசபைனும் இன்னொரு பிரிவுக்குக் குளோர்புரோமசின் என்ற பழைய மனநோய் மருந்தும் ஆறு வாரம் கொடுத்தார்கள். குளோர்புரோமசின் பிரிவில் 4 சதவீதம் பேர் தேறினார்கள். குளோசபைன் பிரிவில் 30 சதவீதம். கைவிடப்பட்டவர்கள் என்று கருதப்பட்டவர்களிடம் கிடைத்த எண் இது. ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரிசோதனை முடிவைப் பதிவு செய்தால்தான் மருந்து என்று அங்கே இருந்த கெடுபிடியை 2025-ல் எடுத்துவிட்டார்கள். பரிசோதனை செய்யுங்கள் என்ற அறிவுரை அப்படியே இருக்கிறது.

யாருக்குக் கொடுக்கிறார்கள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் சரியாக வேலை செய்வதில்லை. ரிஸ்பெரிடோன், ஓலான்சபைன் போன்ற இரண்டு மருந்துகளைப் போதிய டோஸில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரமாவது கொடுத்துப் பார்த்தும் காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் அடங்கவில்லை என்றால் அடுத்து யோசிக்க வேண்டியது குளோசபைன்தான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று மற்ற மருந்துகளை மாற்றிக்கொண்டே போவதில் பெரிதாகப் பயன் இல்லை. இருந்தும் அப்படித்தான் வருடங்கள் ஓடுகின்றன. "குளோசபைன் எங்கள் பையனுக்குப் பொருந்துமா டாக்டர்?" என்று வீட்டார் தாங்களே கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

அதற்கு முன், பழைய மருந்துகளை அவர் உண்மையிலேயே விழுங்கினாரா என்று பார்க்க வேண்டும். நாக்கின் அடியில் வைத்திருந்து துப்பிவிட்ட மாத்திரையை 'வேலை செய்யாத மருந்து' என்று சொல்ல முடியாது.

மனச்சிதைவோடு தற்கொலை எண்ணம் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். பார்க்கின்சன் நோயில் வரும் மாயக்காட்சிகளுக்கு மிகக் குறைந்த டோஸில் பயன்படுகிறது. ஆனால் மறதி நோய் (டிமென்ஷியா) உள்ள முதியவர்களின் கோபத்தையும் அலைச்சலையும் அடக்க இது சரியான மருந்து அல்ல. இந்த வகை மருந்துகள் எல்லாமே அவர்களுக்கு இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன.

படி 1: தொடங்கும் முன்

முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மாற்றம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் அடிப்படை. இதயத்தில் வீக்கம் வந்தால் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின், சிஆர்பி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: முன்பு வலிப்பு வந்ததா, இதய நோய் உண்டா, குடலில் அறுவை சிகிச்சை நடந்ததா, பீடி சிகரெட் எத்தனை, காபி எத்தனை, மலம் கழிப்பது வழக்கமாக எப்படி. கடைசிக் கேள்வியை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

படி 2: முதல் வாரங்கள்

முதல் நாள் 12.5 மி.கி. மட்டும், அதாவது 25 மி.கி. மாத்திரையில் பாதி. ஒரு வேளை அல்லது இரண்டு வேளை. இவ்வளவு சின்ன அளவா என்று தோன்றும். எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், நாடி மிகவும் மெதுவாகலாம், இதயமே நின்றுபோகலாம். அதனால்தான் இந்த நிதானம். உடல் தாங்கினால் நாளுக்கு 25 முதல் 50 மி.கி. வரை கூட்டி, இரண்டு வாரத்தில் 300-450 மி.கி.யைத் தொடுவது அமெரிக்க வழிமுறை. உச்ச வரம்பு 900 மி.கி. ஆசிய மரபினருக்குக் குறைந்த டோஸிலேயே ரத்தத்தில் போதிய அளவு சேர்ந்துவிடுகிறது. புகைக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் குறைவாகவே போதும். ஆகவே உங்கள் டாக்டர் மெதுவாக ஏற்றினால் அவசரப்படுத்த வேண்டாம்.

இந்த நாட்களில் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு நிற்கச் சொல்லுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

மருந்துக் கடையில் ஒரு கவனம் தேவை. குளோசபைன், குளோனசிபாம், குளோபசாம், ஓலான்சபைன் என்று காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள் மனநோய் மருந்துகளில் நிறைய. இந்தியாவில் இது சைசோபின், லோசபின் போன்ற பிராண்டு பெயர்களில் வருகிறது. ஸ்ட்ரிப்பின் பின்புறம் உள்ள மூல மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டுக் காசு கொடுங்கள். 25-க்குப் பதில் 100 கைமாறினால் முதல் வாரத்தில் அது விளையாட்டு அல்ல.

படி 3: ரத்த ரிப்போர்ட்டை நீங்களே படிப்பது

குளோசபைனால் குறையக்கூடியது நியூட்ரோபில் என்ற வெள்ளையணு. கிருமிகளை எதிர்க்கும் முதல் படை. இது ஆபத்தான அளவுக்குக் குறைவது நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் முதல் 18 வாரங்களுக்குள். அதனால் தொடக்கத்தில் வாரம் ஒரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். அமெரிக்க முறையில் முதல் 6 மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த 6 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. பிரிட்டன் முறையில் வாராந்தரப் பரிசோதனை 18 வாரத்தோடு முடிகிறது. உங்கள் டாக்டர் எந்த முறையைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

நம் ஊர் லேப் ரிப்போர்ட் பலவற்றில் நியூட்ரோபில் எண்ணிக்கை நேரடியாக இருக்காது. 'டோட்டல் கவுண்ட்' ஒரு எண்ணாகவும் நியூட்ரோபில் சதவீதமாகவும் இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் போதும். டோட்டல் கவுண்ட் 5,200, நியூட்ரோபில் 58 சதவீதம் என்றால் 3,016. நல்ல எண். டோட்டல் கவுண்ட் 3,400, நியூட்ரோபில் 40 சதவீதம் என்றால் 1,360. இது அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டிய எண்.

அமெரிக்க அளவுகோலில் 1,500-க்கு மேல் இருந்தால் தொடரலாம். 1,000 முதல் 1,499 வரை என்றால் மருந்தைத் தொடர்ந்துகொண்டே வாரம் மூன்று முறை பரிசோதிக்கிறார்கள். 1,000-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவைத்துத் தினமும் பார்க்கிறார்கள். 500-க்குக் கீழே என்றால் மருந்து முடிந்தது, வழக்கமாக மறுபடி தொடங்குவதில்லை. பிரிட்டனில் 1,500-க்குக் கீழே போனாலே நிறுத்திவிடுகிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருக்கும், அவர்களுக்கு அளவுகோல் வேறு.

நியூட்ரோபில் அதிகாலையில் குறைந்தும் பிற்பகலில் கூடியும் இருப்பது இயல்பு. எல்லைக்கோட்டில் ஓர் எண் வந்தால் மதியத்துக்கு மேல் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கலாம்.

காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டுச் சமாளிப்பதற்கு முன்னால் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும்.

படி 4: வயிறு

குளோசபைன் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. குடலில் மலம் தேங்கி, அடைத்து, குடல் சுவர் அழுகும் வரை போகக்கூடும். அந்தக் கட்டத்தை எட்டியவர்களில் இறப்பவர்களின் விகிதம், வெள்ளையணு குறைந்தவர்களில் இறப்பவர்களின் விகிதத்தை விட அதிகம். 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மலச்சிக்கல் பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால் நோயாளி சொல்ல மாட்டார். வலி உணர்வு மழுங்கியிருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், அல்லது கவனமே அங்கே இல்லாமல் இருக்கலாம். வளர்ந்த மகனிடம் அம்மா தினமும் இதைக் கேட்பது இரண்டு பேருக்கும் சங்கடம்தான். கழிவறைக் கதவின் உட்புறம் ஒரு மாதக் காலண்டரைத் தொங்கவிட்டு, மலம் கழித்த நாளில் அவரே ஒரு டிக் போடட்டும். கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம், பார்த்தால் போதும். வாரத்தில் மூன்று டிக்கிற்குக் குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"கீரையும் வாழைப்பழமும் கொடுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். கொடுங்கள், தண்ணீரும் நிறையக் குடிக்கட்டும், நடக்கட்டும். ஆனால் குடல் அசைவே மந்தமாக இருக்கும்போது உணவால் மட்டும் ஆகாது. பலருக்குத் தொடக்கத்திலிருந்தே மலமிளக்கி மருந்து தேவைப்படும். அதைக் கேட்டு வாங்குங்கள். இசப்கோல் போன்ற, உப்பி அளவைக் கூட்டும் வகை இந்த மந்தக் குடலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. லாக்டுலோஸ், பிசாக்கோடில் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம், சீட்டைப் புரட்டிப் பாருங்கள். பழைய மருந்தின் கை நடுக்கத்துக்காகக் கொடுத்த டிரைஹெக்ஸிஃபெனிடில் (பசிட்டேன்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? குளோசபைனுக்கு மாறிய பிறகு பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. ஆனால் மாதாமாதம் அதே சீட்டைத் திருப்பி எழுதும்போது அதுவும் கூடவே வந்துவிடும். குடலை மேலும் மந்தமாக்கும் மருந்து அது. "இது இன்னும் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

வயிறு உப்பி வலிப்பது, வாந்தி, காற்றுகூடப் பிரியாதது, மலம் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று நீராக ஒழுகுவது, இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனை. அங்கே போனதும் "குளோசபைன் சாப்பிடுகிறார்" என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும். மனநோயாளியின் வயிற்று வலியைப் 'பிரமை' என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

படி 5: முதல் இரண்டு மாதங்களில் இதயம்

இதயத் தசை வீக்கம் அபூர்வம், ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் நான்கு முதல் எட்டு வாரங்களில் வருகிறது. காய்ச்சல், சளிக்காய்ச்சல் போன்ற உடல் வலி, படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், இவைதான் அறிகுறிகள். நாடி சற்றே வேகமாக ஓடுவது குளோசபைனில் சாதாரணம். ஓய்வில் இருக்கும்போதே 120-ஐத் தாண்டினாலோ, மேலே சொன்னவற்றில் ஒன்று கூடச் சேர்ந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

படி 6: பீடி, காபி, மற்ற மருந்துகள்

குளோசபைனைக் கல்லீரலில் உடைக்கும் நொதியைப் புகை வேகப்படுத்துகிறது. புகைப்பவருக்கு அதனால் டோஸ் கூடுதலாகத் தேவைப்படும். அவர் திடீரென்று புகையை நிறுத்தினால், அதே டோஸில் ரத்தத்தில் மருந்து அளவு ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறலாம். மயக்கம், எச்சில் வழிதல், வலிப்பு எல்லாம் வரலாம். சபரிமலைக்கு மாலை போட்டு பீடியை விட்டவர், அறுவை சிகிச்சைக்காக வார்டில் படுத்திருப்பவர் இருவரும் இதில் அடக்கம். நிறுத்துவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். இதைச் செய்வது நிகோடின் அல்ல, எரியும் புகையில் உள்ள வேதிப்பொருட்கள். நிகோடின் சூயிங்கத்துக்கு மாறினாலும் புகையை விட்டதாகவே கணக்கு.

காபி நேர் எதிர். காஃபீன் மருந்து அளவைக் கூட்டுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் என்றால் என்றும் இரண்டு டம்ளராகவே இருக்கட்டும். கடும் காய்ச்சலும் தொற்றும் மருந்து அளவை ஏற்றிவிடும்.

வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மருந்துக் கடையில் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் குளோசபைன் அளவைக் கணிசமாக உயர்த்தும். மனச்சோர்வுக்கான ஃப்ளூவோக்சமின் இன்னும் மோசம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் அளவைக் குறைத்து நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமசெபைன் அளவையும் குறைக்கும், வெள்ளையணுவையும் குறைக்கும், சேர்க்கவே கூடாத ஜோடி. கிருமித் தொற்றுக்கான கோட்ரைமாக்சசோல், தைராய்டுக்கான கார்பிமசோல் இரண்டும் வெள்ளையணு விஷயத்தில் கவனம் தேவைப்படுபவை. சுருக்கமாக, சீட்டில்லாமல் மருந்துக் கடை மருந்து வேண்டாம்.

படி 7: 48 மணி நேரக் கணக்கு

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கடைசியாகச் சாப்பிட்டு 48 மணி நேரம் தாண்டிவிட்டால் பழைய டோஸில் மறுபடி தொடங்கவே கூடாது. 400 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவராக இருந்தாலும் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்துதான். இரண்டு நாளில் உடலின் பழக்கம் விட்டுப்போகிறது. பழைய டோஸை அப்படியே விழுங்கினால் முதல் வாரத்தில் சொன்ன அதே மயக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் மாத்திரை தீர்ந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது. சின்ன ஊர் மருந்துக் கடைகளில் இது இருக்காது. ஒரு வாரத்துக்கான மாத்திரையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொடும் நிலை வந்தால் உடனே வாங்கிவிடுங்கள்.

மற்ற தொல்லைகள்

தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனையும். பக்கவாட்டில் படுப்பதும் தலையணை மேல் துண்டு விரிப்பதும் உதவும். அதற்கும் மருந்து உண்டு, ஆனால் அவற்றில் சில மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் படி 4 மறுபடி நினைவுக்கு வரட்டும்.

எடை கூடும், சர்க்கரை ஏறும். முதல் மாதங்களில் எடை பார்ப்பதும், மூன்று மாதத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்ப்பதும் வழக்கம். இரவில் வரும் அகோரப் பசிக்குப் பிஸ்கட்டை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பதுதான் எளிய வழி. தேவைப்பட்டால் டாக்டர் மெட்ஃபார்மின் சேர்ப்பார். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் உடனே சர்க்கரை பாருங்கள்.

டோஸ் கூடக்கூட, குறிப்பாக 600 மி.கி.க்கு மேல், வலிப்பு அபாயம் கூடும். டோஸ் ஏறும் நாட்களில் வண்டி ஓட்டுவதும் கிணற்றில் தனியாகக் குளிப்பதும் வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு செய்தி. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் நின்றிருந்த மாதவிடாய் குளோசபைனுக்கு மாறியதும் திரும்பலாம், கூடவே கருத்தரிக்கும் வாய்ப்பும். கருத்தரித்தால் பயந்து மருந்தை நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

எப்போது பலன் தெரியும், எப்போது நிறுத்துவது

சிலருக்கு ஆறு வாரத்தில் தெரியும், சிலருக்கு ஆறு மாதம் வரை ஆகும். குரல்கள் முழுதாக மறையாமல், அவற்றின் பிடி மட்டும் தளர்வதும் பலன்தான். டோஸ் போதுமா என்று சந்தேகம் வந்தால் ரத்தத்தில் குளோசபைன் அளவைப் பார்க்கலாம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமுக்கு மேல் இருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பெரிய நகரங்களின் லேப்களில் இந்த வசதி உண்டு.

வெள்ளையணுவோ இதயமோ அவசரமாக நிறுத்தச் சொன்னால் தவிர, ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வாந்தி, வியர்வை, தூக்கமின்மையோடு நோயும் முன்பை விட வேகமாகத் திரும்பலாம். இரண்டு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

சட்டைப்பையில் ஒரு அட்டை

பெயர், 'குளோசபைன் சாப்பிடுகிறேன்', தினசரி டோஸ், கடைசி ரத்த எண்ணிக்கையும் தேதியும், டாக்டரின் எண், வீட்டு எண். பல் டாக்டரிடம் போனாலும் இதைக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் நான்கு வரி: காய்ச்சல் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை, வயிறு உப்பி வலித்தால் அவசரப் பிரிவு, 48 மணி நேரம் விட்டுப்போனால் பழைய டோஸ் கூடாது, சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கும் முன் மனநல டாக்டரைக் கேட்கவும். அதற்கடியில் எண்கள். இந்தியாவில் மனநல ஆலோசனைக்கு 14416, ஆம்புலன்ஸ் 108. இலங்கையில் மனநல ஆலோசனைக்கு 1926, ஆம்புலன்ஸ் 1990.